தோற்றவனுக்கு வண்டிக்கூலி

இரோசின்
பிப்ரவரி 3, 2024

நிகானோர்,

கண்டக்டர் டோமெங்கிடம் நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. பஸ் நின்றதும் நிற்காததுமாக அவன் படியில் தொங்கிக்கொண்டு, சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினான்: "லிகாயாக்கா! உங்க வீட்டுக்காரரு சொல்லச் சொன்னாரு, கொஞ்சம் காசு மட்டும் அனுப்பினாப் போதுமாம்! ஒரே வாரத்துல வித்த ஜெனரேட்டரைத் திரும்ப வாங்கிக் கொண்டாந்துடுவாராம்! கணக்கெல்லாம் போட்டு வச்சிருக்காராம்!" வாழைப்பழம் பொரிக்கிறவள் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

கணக்காம், பெரிய கணக்கு! இருபது வருஷம் நீயும் நானும் ஊர் ஊராகக் கலர் ஆட்டம் போட்டிருக்கிறோம். பெட்டியில் பக்கத்துக்கு ஒரு கலர் பூசிய மூன்று கட்டைகளை அடுக்கி, கயிற்றை இழுத்து, அவை சரிவுப் பலகையில் உருண்டு விழுவதைப் பார்த்திருக்கிறோம். "பத்துத் தடவையா பச்சை வரல, இந்தத் தடவை வந்தே தீரும்" என்று மொத்தத்தையும் பச்சைக் கட்டத்தில் வைத்த எத்தனை பேரை நீ பார்த்திருப்பாய்! அவர்களிடம் நீ என்ன சொல்வாய்? "கட்டைக்கு ஞாபகம் கிடையாதுப்பா." சொல்லிவிட்டுத் தார்ப்பாய்க்குப் பின்னால் வந்து என்னிடம் சிரிப்பாய். அந்த நீதான், மழைக்காலத்தில் திருவிழா இல்லை, பொழுது போகவில்லை என்று போனைக் கையில் எடுத்து, அதில் காசு கட்டி ஆடும் கலர் ஆட்டத்தில் பச்சைக்காகக் காத்திருந்தாய். மேஜைக்கு இந்தப் பக்கம் இருபது வருஷம் நின்றவன், அந்தப் பக்கம் போய் நின்றிருக்கிறாய். ஊரில் எந்தக் குடிகாரன் தோற்றாலும் எனக்கு ஆச்சரியமில்லை. நீ தோற்றதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஜெனரேட்டர் இல்லாமல் போன வாரத் திருவிழாவில் நம் கடை இருட்டில் நின்றது. சிவப்பா ஆரஞ்சா என்று தெரியாமல் சண்டை வந்தது. ராட்டினக்காரர் ஒஸ்கார் தன் கம்பியிலிருந்து ஒரு விளக்குக்கு இழுத்துக் கொடுத்தார். "இருக்கட்டும்மா, திருவிழாக் கடைக்காரங்கன்னா ஒருத்தருக்கொருத்தர்தானே" என்றார். அவர் அப்படி அன்பாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

போனில் உன் எண்ணை அடைத்துவிட்டேன். அது அடைத்தபடியேதான் இருக்கும். போனில் பொய் சொல்ல ஒரு மூச்சு போதும். காகிதத்தில் எழுதுவதென்றால் உட்கார வேண்டும், யோசிக்க வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுதி, உறையில் ஒட்டி, டோமெங்கிடம் கொடு. அவன் வாயில் கொடுக்காதே.

காசு கிடையாது.

லிகாயா


லெகாஸ்பி
பிப்ரவரி 9

அன்புள்ள லிகாயா,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' கூட இல்லை. பரவாயில்லை, நான் போட்டிருக்கிறேன்.

அண்ணன் ரோடெல் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டிருக்கிறார்கள். விடியும் முன் மீன் சந்தையில் பெட்டி இறக்கப் போகிறேன். மேலெல்லாம் மீன் வாடை. இதையெல்லாம் உன் இரக்கத்துக்காக எழுதவில்லை. நீ என்னைக் குடிகாரனோடு சேர்த்துப் பேசியதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கண்மூடித்தனமாக ஆடியவன் அல்ல. எனக்கு முறை இருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு போனால் போனை மூடிவிட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கலருக்கு மேல் வைக்கக் கூடாது. ஜெயித்ததில் பாதியைத் தொடாமல் தனியே ஒதுக்க வேண்டும். இதை யாராவது முட்டாள் என்று சொல்வானா? முதல் மாதம் முழுக்க ஜெயித்தேன். கிறிஸ்துமஸுக்கு நீ போட்டுக்கொண்ட செருப்பு எதில் வந்தது? அன்றைக்கு நீ கேட்கவில்லையே!

அந்த ஆட்டத்தை நேரடியாகத்தான் காட்டுவார்கள். மின்னும் சட்டை போட்ட ஒரு பெண் கயிற்றை இழுப்பாள். மூன்றாவது கட்டை ஒரு பக்கம் கனத்து விழுந்ததை நான் கண்டுபிடித்தேன். வேறு எவனுக்காவது அது தெரிந்திருக்குமா? கட்டையைத் தன் கையால் இழைத்து, தன் கையால் வண்ணம் பூசியவனுக்குத்தான் தெரியும். அதை நான் பிடித்த மறுவாரமே கேமராவைத் திருப்பி வைத்துவிட்டார்கள். கட்டையையும் மாற்றியிருப்பார்கள். என்னை ஏமாற்றினார்கள், லிகாயா. ஒருவன் கண்ணைக் கட்டிவிட்டு அவனைக் குருடன் என்பது எந்த ஊர் நியாயம்? புகார் எழுதப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. நம் கடை என்ன கோயிலா? இருபது வருஷமாக நாம் தின்ற சோறு யார் பையிலிருந்து வந்தது? மீன்காரன் பையிலிருந்து, கொப்பரை உரிக்கிறவன் பையிலிருந்து. உன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு என் சட்டையை மட்டும் அழுக்கு என்று சொல்லாதே.

ஜெனரேட்டர் என் அப்பா வாங்கியது. அதை விற்றது எனக்கு வலிக்கவில்லை என்றா நினைக்கிறாய்?

நிகானோர்


இரோசின்
பிப்ரவரி 20

நிகானோர்,

செருப்பை அடுப்பில் போட்டுவிட்டேன். நல்ல ரப்பர், நன்றாகப் புகைந்தது. ஒஸ்கார் ராட்டினத்தை நிறுத்திவிட்டு என்ன நெருப்பு என்று பார்க்க ஓடி வந்தார்.

கோயிலா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. அடுத்தவன் காசில்தான் நாம் தின்றோம், நான் மறுக்கவில்லை. ஆனால் உனக்கு உன் அப்பா சபாஸின் முகம் மறந்துவிட்டதா? அவர் வைத்த வழக்கம் மறந்துவிட்டதா? நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன், கேள்.

கசிகுரான் திருவிழா. பன்றி விற்ற காசோடு ஒருவன் வந்தான், காதில் பூ வைத்திருந்தான். ஒரே நீலத்தில் வைத்து வைத்து இழந்தான். அவன் கடைசியாகச் சட்டைப் பையின் அடியில் கை விட்டபோது நீ என்ன செய்தாய்? பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய்! "எறங்குடா! கயித்த இழுடா! என் காசு, உனக்கென்ன?" என்று அவன் உன் சட்டையைப் பிடித்தான். நீ அசையவில்லை.

"என்ன ஆச்சுன்னு சொல்லு, எறங்குறேன்" என்றாய்.

"அடுத்தது நீலம்தான்! எனக்குத் தெரியும்!"

"அதைக் கேக்கல. என்ன ஆச்சு?"

"உன் கட்டை சரியில்ல!"

"அதையும் கேக்கல."

கூட்டம் சிரித்தது. கடைசியில் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "தோத்துட்டேன்" என்றான். உடனே நீ இறங்கித் தகர டப்பாவிலிருந்து வண்டிக்கூலியை எடுத்தாய். அவன் கையில் கொடுக்கவில்லை. ட்ரைசைக்கிள்காரன் கையில் கொடுத்தாய். "வீட்டு வாசல்ல எறக்கணும், நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது, சாராயக் கடை கிட்ட மெதுவாக்கூடப் போகாதே" என்றாய். நான் ஒரு பொட்டலம் பான்சித் நூடுல்ஸ் கட்டிக் கொடுத்தேன். தோற்றவனுக்கு வண்டிக்கூலி. அதுவும் தோற்றேன் என்று தன் வாயால் சொன்னவனுக்குத்தான். "சொல்லாதவன் பாதி வழியில எறங்கித் திரும்பி வந்துடுவான்" என்பார் உன் அப்பா.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். ஏமாற்றினார்கள், திருப்பி வைத்தார்கள், மாற்றினார்கள், கண்ணைக் கட்டினார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் காணோம். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லையாம். உனக்கு மீசையே முளைக்காது, அதற்கே இந்தப் பேச்சு!

இங்கே கடை நடத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கயிறு, ஒருவர் காசு. நான் ஒருத்தியே இரண்டையும் செய்கிறேன், கண்ணை எடுத்தால் கட்டத்தில் காசு நகர்ந்துவிடுகிறது. மே மாதம் சான் இசித்ரோ திருவிழா. அதற்குள் உன்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். போனை ரோடெல் மனைவி நேனாவிடம் கொடு. ஈஸ்டர் முடியும்வரை தொடாதே. தொடவில்லை என்றால் சான் இசித்ரோவில் கயிறு உன் கையில். தொட்டால் நீ அங்கேயே மீன் பெட்டி தூக்கிக்கொண்டு இரு. இதுதான் பேச்சு.

லிகாயா


லெகாஸ்பி
மார்ச் 15

அன்புள்ள லிகாயா,

போன் நேனா அண்ணியிடம் இருக்கிறது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். "சோறு வேணும்னா பானையத் திறப்பேன், போன் வேணும்னா மூஞ்சியத் திறப்பேன்" என்கிறாள். உனக்கு அவள் சரியான ஓரகத்தி.

கொடுப்பதற்கு முன் என் புகாரை எழுதி அனுப்பிவிட்டேன். மதியம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது கட்டை, கேமரா, எந்த ஆட்டத்திலிருந்து மாறியது, எல்லாம். அனுப்பிக் கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது! யார் இவ்வளவு வேகமாகப் படிக்க முடியும்? ஒரு பூப்படம், ஒரு சிரிக்கும் முகம். "அன்புள்ள சாம்பியன்! உங்கள் கருத்து எங்களுக்குப் பொக்கிஷம். உங்களுக்காகச் சிறப்பு போனஸ் காத்திருக்கிறது!" சாம்பியனாம்! ஜெனரேட்டரை விற்றவன் சாம்பியனா? என் எதிரில் ஓர் ஆள் இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். சட்டையும் இல்லை, ஆளும் இல்லை. அந்தக் கம்பெனிக்கு வாசல் எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நீ வண்டிக்கூலியைப் பற்றி எழுதினாயே, அவர்களும் தோற்றவனுக்கு ஏதோ கொடுக்கத்தான் செய்கிறார்கள். அந்த போனஸ் அதுதானே? நான் தொடவில்லை. சும்மா சொல்கிறேன்.

ஆடவில்லை என்றால் ஆடவில்லை. கை மட்டும் தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் தடவிப் பார்க்கிறது. அப்போதெல்லாம் ஒரு பெட்டி அதிகமாகத் தூக்குகிறேன். என் பழைய விதிகளைத் திருத்தி, புதிதாக இரண்டைச் சேர்த்து, பாய்க்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மனக் கட்டுப்பாடு என்பது பயிற்சிதான், லிகாயா. எனக்கு வந்துவிட்டது.

மஞ்சள் பக்கம் உரிய ஆரம்பித்திருக்குமே? வேறு யாரையும் பூச விடாதே. தடித்துப் பூசினால் கட்டை ஒரு பக்கம் சாயும். சுரண்டிவிட்டு, மெல்லியதாக இரண்டு கை பூச வேண்டும். நான் வந்து செய்கிறேன்.

நிகானோர்


புலான்
ஏப்ரல் 12

நிகானோர்,

உனக்கு வந்துவிட்டது என்று எழுதினாயே, மனக் கட்டுப்பாடு, அது வந்ததை நானும் பார்த்தேன். என் போனுக்கே வந்தது!

நீ மறந்துவிட்டாய். அந்த ஆட்டத்தில் நீ சேர்ந்தபோது கொடுத்தது என் எண். உன் போனில் நான் பார்த்துவிடுவேன் என்று பயந்து, என் போனில் சும்மா கிடந்த பழைய சிம்மின் எண்ணைக் கொடுத்த மகா புத்திசாலி நீ! இத்தனை மாதம் ஊமையாக இருந்த அது, பெரிய வெள்ளியன்று பேசியது. "திரும்பி வந்ததற்கு நன்றி, சாம்பியன்! இன்று உங்கள் ஆட்டம் அபாரம்!"

பெரிய வெள்ளி, நிகானோர்! அன்றைக்கு நாம் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டோம். ஒஸ்கார் ராட்டினத்தின்மேல் சாக்கைப் போட்டுக் கட்டிவிடுவார். எவ்வளவு பெரிய திருட்டுப் பயல் நடத்தும் கடையானாலும் அன்றைக்கு மூடியிருக்கும். நான் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் மெழுகுவத்தியோடு நடக்கிறேன், இடுப்பில் போன் 'டிங்' என்கிறது. சாமியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு நான் அந்தக் கம்பெனிக்கே பதில் எழுதினேன். "இவன் சாம்பியன் இல்லை. இவன் என் புருஷன். எல்லாம் இழந்துவிட்டான். உங்களுக்கு வெட்கம் இருந்தால் இவனை வீட்டுக்கு அனுப்புங்கள்." கை எடுப்பதற்குள் பதில். "அன்புள்ள சாம்பியன்! உங்கள் போனஸ் தயார்!" அதை எடுத்து வெளியே செலவு செய்ய முடியுமா என்று ஒஸ்காரின் மருமகன் எல்மரைக் கேட்டேன். "முடியாதுக்கா, அதை ஆடத்தான் முடியும்" என்றான். கேட்டாயா? இதைத்தான் வண்டிக்கூலி என்று எழுதினாய். உன் அப்பா கொடுத்தது ஆளை வாசலில் கொண்டு இறக்கும். இது வாசலிலிருந்து ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. இந்த வித்தியாசம் உனக்குத் தெரியவில்லை என்றால் நீ சபாஸின் பிள்ளையே இல்லை.

அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். முகம் இல்லாதவர்கள், பெரிய வெள்ளி இல்லாதவர்கள், கூடாரத்தைப் பிரிக்காதவர்கள். நம் ஆட்டம் திருவிழா முடிந்ததும் லாரியில் ஏறிவிடும். ஊர்க்காரன் மறுபடி வயலுக்குப் போவான். இது எவன் பைக்குள்ளும் எப்போதும் விரித்தே கிடக்கிறது. ஆனால் அவர்களை நான் கட்டிக்கொள்ளவில்லை. உன்னைத்தான் கட்டிக்கொண்டேன். என்னிடம் பொய் சொன்னது நீ.

சான் இசித்ரோவில் கயிறு எல்மர் கையில். பேச்சு முடிந்தது. இனி எழுதாதே.

லிகாயா


லெகாஸ்பி
ஏப்ரல் 30

லிகாயா,

எழுதாதே என்றாய். டோமெங் இதை வாங்க மாட்டேன் என்றான். "அக்கா என்னைப் பஸ்ஸோட சேத்து எரிச்சுடும்ணே, செருப்பு கதை தெரியும்ல?" என்றான். கெஞ்சிக் கொடுத்தேன்.

அன்றைக்கு எல்லோரும் ஊர்வலத்துக்குப் போயிருந்தார்கள். ரோடெலின் போன் மேஜையில் கிடந்தது. என் போன் அரிசிக்குள்ளேயே இருந்தது, அதை நான் தொடவில்லை. தொடவில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட அப்போது நினைத்தேன். பார், என் புத்தியை.

சுவரில் என் விதிகள் ஒட்டியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் ஆடினேன். இவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்த இடம் வந்தது. பண்டிகை நாள், இன்றைக்கு மட்டும் என்று நானே தளர்த்தினேன். விதி போட்டவனும் நான், மீறியவனும் நான், போனால் போகட்டும் என்று மன்னித்தவனும் நான். வாரக் கூலி முழுக்கப் போனது. எல்லாம் போன பிறகு போனைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு புரிந்தது. யாராவது பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து, 'என்ன ஆச்சு?' என்று கேட்பார்கள் என்று காத்திருந்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. சாம்பியன் என்றுதான் எழுத்து ஓடியது.

ஊர்வலம் திரும்பி வந்ததும் ஆடியதை நேனா அண்ணியிடம் நானே சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. சேம்பிலைக் கறியும் சோறும் போட்டு வைத்தாள், என்னால் தின்ன முடியவில்லை. சுவரில் இருந்ததைக் கிழித்துவிட்டேன்.

மூன்றாவது கட்டையில் ஒன்றும் இல்லை, லிகாயா. அது கனக்கவும் இல்லை, அவர்கள் அதை மாற்றவும் வேண்டியதில்லை. எந்தக் கட்டையாயிருந்தாலும் மேஜைதான் ஜெயிக்கும். நமக்கு அதுதானே இருபது வருஷம் சோறு போட்டது.

தோத்துட்டேன்.

இந்த ஒரு சொல்லை மட்டும் யாரிடமும், நேனா அண்ணியிடம்கூட, சொல்ல வாய் வரவில்லை. சொல்ல வேண்டியவள் நீ என்பதால் உனக்கு எழுதினேன். வண்டிக்கூலி கேட்கவில்லை. எல்மரிடம் சொல், கயிற்றைச் சுண்டி இழுக்கக் கூடாது, நிதானமாக ஒரே இழுப்பு. சுண்டினால் கட்டை பலகைக்கு வெளியே குதிக்கும், கூட்டம் சத்தம் போடும்.

நிகானோர்


புலான்
மே 8

நிகானோர்,

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தப் பக்கத்தில் எழுத்து கிழிந்திருந்தால் பேனா அழுத்தியதால்தான்.

ஆனால் உன் அப்பா போட்ட விதி உன்னையும் சேர்த்துத்தான். தோற்றேன் என்று வாயால் சொன்னவனுக்கு வண்டிக்கூலி உண்டு. அவர் பேரைக் கெடுக்க எனக்கு மனசில்லை. காசு உறையில் இல்லை, தேடாதே. டோமெங் கையில் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை முதல் பஸ், அவன் பக்கத்து இருக்கை. "நடுவுல எங்கயும் எறக்காதே, டீக்கடையில நிறுத்தினாலும் கூடவே போ" என்று சொல்லியிருக்கிறேன். அவன், "கக்கூஸுக்குப் போனா?" என்று கேட்டான். "வாசல்ல நில்லு" என்றேன். வருவதற்கு மட்டும்தான் கூலி. திரும்பிப் போக யாரும் கொடுப்பதில்லை, உனக்கே தெரியும்.

உன் போன் நேனாவிடமே இருக்கட்டும், அரிசியோடு சேர்த்துச் சமைத்தாலும் எனக்குச் சம்மதம். என் பழைய சிம்மை உடைத்துக் கடலில் போட்டுவிட்டேன். சாம்பியனை இனி அவர்கள் கடலில்தான் தேட வேண்டும். கயிற்றை எல்மரிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். பையன் நீ சொன்னது போலவே சுண்டித்தான் இழுக்கிறான், கட்டை போய் ஒரு கிழவியின் மடியில் விழுந்தது. அவன் இப்போது காசைப் பார்க்கிறான்.

நீ காசையும் தொட வேண்டாம், கயிற்றையும் தொட வேண்டாம். உனக்கு வேறு இடம் வைத்திருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்குள் நில். எவன் சட்டைப் பையின் அடியில் கை விடுகிறான் என்று பார். பார்த்ததும் என்னிடம் சொல். பெட்டியைக் கவிழ்த்து நான் உட்கார்ந்துகொள்கிறேன். அந்த முகத்தை இனி உன்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியப்போகிறது?

மஞ்சள் உரிந்துவிட்டது. எல்மர் பூசுகிறேன் என்று டப்பாவைத் திறந்தான், கையைத் தட்டிவிட்டேன். பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன். வந்ததும் கை கழுவிவிட்டு உட்கார், மீன் வாடையோடு தொடாதே. சுரண்டிவிட்டு, மெல்லியதாக இரண்டு கை பூசு.

பூசுவது நீ. உருட்டுவது நான்.

லிகாயா